நல்லா இருக்கிற நாய்க்குள் ஒரு கொல்லும் நோய்: யார் இந்த சார்லஸ் நிக்கோல்?

வட ஆப்பிரிக்காவில் உள்ள துனிஸ் நகரம். வருஷம் 1908. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வெளுத்துப்போன முகம், மண்ணீரல் வீங்கி முன்னால் தள்ளிய வயிறு, குச்சியாகிப்போன கை கால்களோடு குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுகிறார்கள். பெரும்பாலும் ரொம்பச் சின்னக் குழந்தைகள். அப்போது இதற்கு மருந்து கிடையாது. வந்த குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

டாக்டர்களைக் குழப்பியது இன்னொரு விஷயம். ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு வருகிறது. பக்கத்திலேயே படுக்கும் அம்மாவுக்கு வரவில்லை. அடுத்த நோயாளி நகரத்தின் வேறு ஒரு மூலையில் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்றால் நடுவில் ஒரு சங்கிலி தெரியணுமே, அது எங்கே?

அப்படியானால் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் இந்தக் கிருமி எங்கே தங்கியிருக்கிறது? இதைத் தேடிப் போனவர் துனிஸ் பாஸ்டியர் ஆய்வகத்தின் இயக்குநர், சரியாகக் காது கேட்காத ஒரு டாக்டர், சார்லஸ் நிக்கோல். பதில் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில், இது என்ன நோய்?

இதன் பெயர் லீஷ்மேனியாசிஸ். லீஷ்மேனியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வருவது. பரப்புவது மணல் ஈ. பெயரில் ஈ என்று இருந்தாலும் பார்க்கக் குட்டிக் கொசு மாதிரிதான் இருக்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், கொசுவில் மூன்றில் ஒரு பங்கு. பறக்கும்போது சத்தமே வராது. கொசு மாதிரி தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது. சுவர் விரிசல், மாட்டுத் தொழுவத்தின் ஈர மண், எலி வளை, இலை மக்கிய இடம் இதெல்லாம்தான் அதற்கு வீடு. கடிப்பது பெண் ஈ மட்டும், பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகு.

நோய்க்கு முக்கியமான இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று தோலில் ஆறாத புண்ணாக வரும். ஆறினாலும் வடு போகாது. இன்னொன்று உள்ளே போய் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். சிகிச்சை கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் மரணம்தான். இந்த இரண்டாவதைத்தான் இந்தியாவில் காலா அசார், அதாவது கருங்காய்ச்சல் என்கிறார்கள்.

இந்த ஒட்டுண்ணியின் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. கல்கத்தா அருகே டம் டம் முகாமில் இருந்துவிட்டு வந்து இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் விநோதமான உருண்டைகளைப் பார்த்ததாக வில்லியம் லீஷ்மன் 1903 மே மாதம் எழுதினார். அதே வருஷம் மெட்ராஸ் அரசு பொது மருத்துவமனையில் வேலை பார்த்த சார்லஸ் டோனோவனும் தன் நோயாளிகளிடம் அதே உருண்டைகளைப் பார்த்தார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இப்போதும் இருக்கிறதே, அதே மருத்துவமனைதான். இரண்டு பேருக்கும் சேர்த்து லீஷ்மேனியா டோனோவனி என்று பெயர் வைத்தவர் ரொனால்ட் ராஸ்.

ஆக, குற்றவாளியின் முகம் 1903-லேயே தெரிந்துவிட்டது. அது எங்கே பதுங்கியிருக்கிறது, எப்படி ஊரைத் தாண்டுகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

ஸ்டெதஸ்கோப்பைக் கைவிட்ட டாக்டர்

நிக்கோல் பிறந்தது பிரான்ஸின் ரூவான் நகரத்தில், 1866 செப்டம்பர் 21 அன்று. அப்பா யூஜின் டாக்டர். சின்ன வயதில் நிக்கோலின் ஆசை இலக்கியம், வரலாறு பக்கம்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் வழியில் மருத்துவம் படிக்கப் போனார். அண்ணன் மொரீஸும் நுண்ணுயிர் ஆய்வாளராகப் பெயர் வாங்கியவர்தான்.

இளம் வயதிலேயே நிக்கோலுக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. ஒரு டாக்டருக்கு இது எவ்வளவு பெரிய அடி! இதயத்துடிப்பையும் நுரையீரல் சத்தத்தையும் கேட்டுத்தான் அந்தக் காலத்தில் பாதி நோயைக் கண்டுபிடிக்கணும். ஸ்டெதஸ்கோப்பால் பிரயோஜனம் இல்லை என்று ஆனதும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலைக்குத் திரும்பினார். அதாவது மைக்ராஸ்கோப். பாரிஸ் பாஸ்டியர் ஆய்வகத்தில் எமில் ரூ, மெட்ச்னிகாஃப் போன்ற பெரிய ஆட்களிடம் பயிற்சி எடுத்து 1893-ல் டாக்டர் பட்டம் முடித்தார்.

பிறகு சொந்த ஊருக்கே திரும்பினார். கல்யாணம், இரண்டு குழந்தைகள், ஊர் மருத்துவப் பள்ளியில் வேலை, நுண்ணுயிர் ஆய்வகப் பொறுப்பு. ரூவானை ஒரு பெரிய ஆராய்ச்சி மையமாக மாற்றணும் என்பது அவர் கனவு. ஊரில் இருந்த மூத்தவர்கள் ஒத்துழைக்கவில்லை. வருஷங்கள் ஓடின, கனவு நகரவில்லை. அந்தச் சலிப்பில் இருந்தபோதுதான் துனிஸ் பாஸ்டியர் ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பு தேடி வந்தது.

பிரான்ஸின் ஆதிக்கத்தில் இருந்த ஒரு நாட்டில், சின்னதாக இயங்கிக்கொண்டிருந்த ஒரு ஆய்வகம். பாரிஸில் இருந்தவர்கள் பார்வையில் இது பெரிய பதவி உயர்வு ஒன்றும் இல்லை. நிக்கோல் கிளம்பிவிட்டார். 1903-ல் பொறுப்பு ஏற்றவர் சாகும்வரை, 33 வருஷம், அந்த இருக்கையை விடவே இல்லை.

தப்பிப் பிழைத்த ஒரு இரவு

துனிசியா வந்த புதிதில் நடந்தது இது. ஜுகார் என்ற ஊரில் இருந்த ஒரு சிறையில் டைபஸ் காய்ச்சல் பரவியிருந்தது. (இது டைபாய்டு இல்லை, வேறு நோய்.) அதைப் பார்க்க நிக்கோலும் இன்னொரு டாக்டரும் போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முன் நிக்கோலுக்கு இருமலில் ரத்தம் வந்ததால் அவரால் போக முடியவில்லை. கூடப் போக வேண்டிய டாக்டர் தன் உதவியாளரோடு போய் அங்கேயே இரவு தங்கினார். இரண்டு பேரும் டைபஸ் வந்து இறந்துபோனார்கள்.

தான் உயிரோடு இருப்பது ஒரு தற்செயல் என்பதை நிக்கோல் மறக்கவே இல்லை. கால் நூற்றாண்டு கழித்து நோபல் உரையிலும் இந்தச் சம்பவத்தைச் சொன்னார். ஒரு நோய் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் அதன் எதிரே போய் நின்றால் என்ன ஆகும் என்பதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1908: தெருநாய் சொன்ன பதில்

இப்போது குழந்தைகளின் காய்ச்சலுக்கு வருவோம். துனிசியக் குழந்தை ஒன்றுக்கு இந்த ஒட்டுண்ணி இருந்தது 1904-லேயே தெரிய வந்திருந்தது. நிக்கோல் அதை விட்ட இடத்திலிருந்து பிடித்தார். நோயாளிக் குழந்தைகளின் மண்ணீரலில் இருந்து ஒட்டுண்ணியை எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கப் பார்த்தார். ஏற்கெனவே நோவி, மெக்நீல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு ஒட்டுண்ணிகளுக்காக உருவாக்கியிருந்த ஒரு வளர்ப்பு ஊடகத்தை எளிமையாக்கினார். அகர், உப்பு, தண்ணீர், முயல் ரத்தம், அவ்வளவுதான். மூன்று பேர் பெயரையும் சேர்த்து என்.என்.என். ஊடகம் என்று இன்றுவரை லேப்களில் சொல்கிறார்கள்.

அடுத்த கேள்வி, இந்த ஒட்டுண்ணி வேறு எந்த உயிரினத்துக்குள் வாழும்? குழந்தைகளிடமிருந்து எடுத்ததை நாய்க்குச் செலுத்திப் பார்த்தார்கள். நாய்க்குள் அது வளர்ந்தது. அதாவது, நாயின் உடம்பு இதற்கு ஒத்துப்போகிறது.

ஆனால் ஊசி போட்டு வரவழைப்பது வேறு, இயற்கையில் இருப்பது வேறு. அதனால் நிக்கோலும் சக ஆய்வாளர் சார்ல் கோம்தும் துனிஸ் நகரத்தில் பிடித்து வைக்கப்பட்டிருந்த தெருநாய்களைச் சோதித்தார்கள். யாரும் ஊசி போடாத சாதாரண நாய்கள். அவற்றில் சிலவற்றின் உடம்பில் அதே லீஷ்மேனியா இருந்தது!

குழந்தைகளின் நோய்க்கு நடுவில் சங்கிலி தெரியாததற்குக் காரணம் இப்போது புரிந்தது. சங்கிலி மனிதர்கள் வழியாகவே போகவில்லை. கிருமி நாய்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எப்போதாவது ஒரு குழந்தை அதில் மாட்டிக்கொண்டது. இந்த ஒட்டுண்ணிக்கு நிக்கோல் வைத்த பெயர் லீஷ்மேனியா இன்ஃபேன்டம்.

இப்படி மனிதருக்கு வரும் ஒரு நோய், நோயாளிகள் இல்லாத காலத்திலும் அழியாமல் தங்கியிருக்கும் உயிரினத்தைத்தான் நோய்த்தேக்கி என்கிறார்கள். ஏரி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வாய்க்காலை மட்டும் அடைத்தால் போதாது, ஏரி எங்கே இருக்கிறது என்றும் தெரியணும்.

இதில் பயமுறுத்தும் பகுதி ஒன்று உண்டு. தொற்று உள்ள நாய்களில் சிலவற்றுக்கு முடி கொட்டும், தோலில் புண் வரும், நகம் அளவுக்கு மீறி நீளும், உடம்பு மெலியும். ஆனால் பல நாய்களுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. நல்லா சாப்பிடும், ஓடும், விளையாடும். அந்த நாயைக் கடிக்கும் மணல் ஈக்கும் ஒட்டுண்ணி போய்ச்சேர வாய்ப்பு இருக்கிறது. நாய் கடித்து இந்த நோய் வராது, நக்கியும் வராது. நடுவில் மணல் ஈ வேண்டும்.

தேடினது ஒன்று, கிடைத்தது இன்னொன்று

அதே 1908-ல் இன்னொரு விஷயமும் நடந்தது. துனிசியாவின் தெற்கே பாறைப் பகுதிகளில் குண்டி என்று ஒரு கொறிவிலங்கு உண்டு. (அந்த ஊர்ப் பெயரே அதுதான், சிரிக்க வேண்டாம்.) கினிப் பன்றி மாதிரி இருக்கும். லீஷ்மேனியா ஆராய்ச்சிக்காக ஆய்வகத்துக்குக் கொண்டு வரப்பட்ட அவற்றுக்குள் நிக்கோலும் லூயி மான்சோவும் ஒரு ஒட்டுண்ணியைப் பார்த்தார்கள். இதுவும் லீஷ்மேனியாதான் என்று முதலில் நினைத்தார்கள்.

பிறகு உற்றுப் பார்த்ததில் இது வேறு என்று தெரிந்தது. வில் மாதிரி வளைந்த உருவம். அதனால் வில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து 1909-ல் டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்று பெயர் மாற்றினார்கள். கர்ப்பிணிகள் பூனைக் கழிவை சுத்தம் செய்ய வேண்டாம் என்று இன்று டாக்டர்கள் சொல்வது இந்த ஒட்டுண்ணியால்தான். உலகம் முழுக்கப் பரவியிருக்கிற இதன் முதல் முகவரி, நிக்கோலின் ஆய்வகத்தில் இருந்த ஒரு தப்பான யூகம்.

கதை அங்கேயும் முடியவில்லை. நூறு வருஷம் கழித்து, துனிசியாவில் அதே குண்டி விலங்குக்குள் தோல் புண்ணை உண்டாக்கும் ஒரு லீஷ்மேனியா வகையை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நிக்கோல் தேடிய இடம் சரிதான், அன்று மாட்டியது வேறு ஆள்.

வாசலில் நின்றுபோன டைபஸ்

நிக்கோலுக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தது டைபஸ்தான். துனிஸில் இருந்த ஒரு மருத்துவமனையில் அவர் ஒன்றைக் கவனித்தார். டைபஸ் நோயாளிகள் வாசலுக்கு வரும்வரை அவர்களைத் தொட்டவர்களுக்கு நோய் வருகிறது. அவர்களின் துணிகளை வாங்கிக் கையாளுபவர்களுக்கு வருகிறது. ஆனால் துணி மாற்றி, குளிக்க வைத்து வார்டுக்குள் படுக்க வைத்த பிறகு யாருக்கும் வருவதில்லை. அப்படியானால் நோயாளியோடு வந்து, குளியலறையோடு நின்றுபோனது எது? துணியிலும் உடம்பிலும் இருந்த பேன்!

1909-ல் சோதனை நடந்தது. நோயாளியின் ரத்தத்தை ஒரு சிம்பன்ஸிக்குச் செலுத்தி, அதிலிருந்து குரங்குக்கு மாற்றி, அந்தக் குரங்கைக் கடித்த பேன்களை ஆரோக்கியமான குரங்குகள் மேல் விட்டார்கள். நோய் வந்தது. சில வருஷங்களில் முதல் உலகப்போர் வெடித்தபோது, பேன் ஒழிப்பு நிலையங்கள் மேற்குப் போர்முனையில் லட்சக்கணக்கான சிப்பாய்களை டைபஸிடமிருந்து காப்பாற்ற உதவின. இதற்காக 1928-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அவருக்கே பிடித்த கண்டுபிடிப்பு

ஆனால் நிக்கோல் தன் வேலைகளில் முக்கியமானதாக நினைத்தது வேறு ஒன்று. கினிப் பன்றிகளுக்கு டைபஸ் கிருமியைச் செலுத்தும்போது பலவற்றுக்குக் காய்ச்சல் மட்டும் வரும். சிலவற்றுக்கு அதுகூட வராது. ஊசி சரியாக ஏறவில்லை போல என்று விட்டுவிடலாம். அவர் விடவில்லை. அந்த நல்லா இருக்கிற கினிப் பன்றியின் ரத்தத்தை எடுத்து இன்னொன்றுக்குச் செலுத்தினார். இரண்டாவதற்கு நோய் வந்தது. முதல் விலங்கு ஒரு தும்மல்கூட இல்லாமல் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தது.

அறிகுறியே காட்டாத தொற்று என்ற கருத்து இப்படித்தான் உருவானது. கொரோனா காலத்தில் அறிகுறி இல்லாத நோயாளி என்ற வார்த்தையை நாம் தினமும் கேட்டோமே, அதன் வேர் இங்கே இருக்கிறது. துனிஸ் தெருநாய்களில் தொடங்கிய சிந்தனை இங்கே ஒரு விதியாக மாறியது. யார் நோயாளியாகத் தெரிகிறார் என்பதை மட்டும் வைத்து ஒரு நோயின் வரைபடத்தைப் போட முடியாது.

அவர் கோட்டைவிட்டது

நிக்கோல் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. நாயிலிருந்து குழந்தைக்குக் கிருமியைக் கொண்டுபோவது எது என்பதில் அந்தக் கால ஆய்வாளர்களின் சந்தேகம் நாயின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி மேல் இருந்தது. இந்தியாவில் மூட்டைப்பூச்சியைச் சந்தேகப்பட்டார்கள். இரண்டுமே தப்பு.

மணல் ஈதான் என்பதற்கான முதல் வலுவான ஆதாரம் 1921-ல் வந்தது. அல்ஜீரியாவில் செர்ஜான் சகோதரர்களும் அவர்கள் குழுவும் பிஸ்க்ரா பகுதியில் பிடித்த மணல் ஈக்களை நசுக்கி, தன்னார்வலர்களின் தோலில் கீறிய இடத்தில் வைத்தார்கள். அங்கே புண் வந்தது. ஆனால் ஈ கடித்தே நோய் வருகிறது என்று காட்டுவது கஷ்டமாக இருந்தது. ஒருமுறை ரத்தம் குடித்த ஈ ஆய்வகத்தில் சீக்கிரம் செத்துவிடும். இந்தியாவில் ஆய்வு செய்தவர்கள் ஈக்களுக்கு உலர்ந்த திராட்சையைச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈக்கள் பிழைத்தன, ஒட்டுண்ணியும் உள்ளே நன்றாகப் பெருகியது. இந்த முறையைப் பயன்படுத்தி சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் தன்னார்வலர்களை மணல் ஈ கடிப்பதன் மூலமே காலா அசார் வருகிறது என்பதை 1942-ல் வெளியிட்டார்கள். நிக்கோல் அப்போது உயிரோடு இல்லை.

ஊருக்கு ஊர் வேற விலங்கு

நிக்கோல் தொடங்கிய தேடலை மற்றவர்கள் தொடர்ந்தபோது கிடைத்த பாடம் முக்கியமானது. லீஷ்மேனியாவில் 20-க்கும் மேற்பட்ட வகைகள் மனிதரைத் தாக்குகின்றன. மனிதரையும் சேர்த்து சுமார் 70 விலங்கினங்கள் இதைச் சுமக்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லா ஊருக்கும் ஒரே குற்றவாளி கிடையாது.

மத்திய ஆசியப் பாலைவனங்களில் தோல் புண் வகையைச் சுமப்பது வளை தோண்டி வாழும் பெரிய பாலைவன எலி. துனிசியாவிலேயே அதே வகைக்குக் கொழுத்த மணல் எலி. உப்பு மண்ணில் வளரும் ஒருவகைச் செடியைத் தின்று வாழ்வது அது. அந்த வளைக்குள்ளேயே மணல் ஈயும் இருக்கும். எலிக்கும் ஈக்கும் நடுவில் ஒட்டுண்ணி அமைதியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த அமைதியைக் கலைப்பது பெரும்பாலும் நாம்தான். துனிசியாவின் கைரூவான் பகுதியில் சிதி சாத் அணை வந்த பிறகு 1982-ல் தோல் புண் வகை பெரிய அளவில் வெடித்தது. அணை வந்தால் நீர்மட்டமும் நிலமும் மாறும், செடி மாறும், எலியின் எண்ணிக்கை மாறும். வேலை தேடி, நிலம் தேடி ஆட்களும் வருவார்கள். அந்த ஒட்டுண்ணியை அதுவரை சந்திக்காத உடம்புகள் அவை.

மனிதர்கள் கடல் தாண்டும்போது நோய்த்தேக்கியும் கூடவே போகும். பிரேசிலில் இன்று குழந்தைகளைத் தாக்கும் லீஷ்மேனியாவை ரொம்ப நாள் தனி வகை என்று நினைத்தார்கள். மரபணுவைப் பார்த்தால் அது நிக்கோல் பெயர் வைத்த அதே இன்ஃபேன்டம். ஸ்பெயின், போர்ச்சுகலில் இருந்து போனவர்கள் கூட்டிப்போன நாய்கள் வழியாகத்தான் அது அமெரிக்கக் கண்டத்துக்குள் நுழைந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அங்கே கிடைத்த வேறு இன மணல் ஈயோடு ஒட்டுண்ணி ஒத்துப்போய்விட்டது.

அப்போ இந்தியாவில்?

துனிஸ் செய்தி வந்த பிறகு மெட்ராஸிலும் நாய்களைப் பிடித்துச் சோதித்தார்கள். அந்த ஒட்டுண்ணி கிடைக்கவில்லை. காரணம் பின்னாளில் புரிந்தது. இந்திய காலா அசாரை உண்டாக்கும் டோனோவனி வகைக்கு இங்கே முக்கியமான தேக்கி மனிதர்தான். பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதிகளில் நோயாளியைக் கடித்த மணல் ஈ பக்கத்து வீட்டுக்காரரைக் கடிக்கிறது, அவ்வளவுதான் பாதை.

இதிலும் நிக்கோலின் விதி வேலை செய்கிறது. காலா அசார் குணமான சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்துத் தோலில் வெளிர் திட்டுகளோ முடிச்சுகளோ வரும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் பலரும் டாக்டரிடம் போவதில்லை. ஆனால் அந்தத் திட்டுக்குள் ஒட்டுண்ணி இருக்கிறது. ஊரில் புது நோயாளியே இல்லாத வருஷங்களிலும் நோயைக் காப்பாற்றி வைத்திருப்பது இதுதான்.

தேக்கி மனிதர் என்று தெரிந்ததால் வழியும் தெளிவானது. நோயாளிகளைச் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது, வீட்டுச் சுவர்களில் பூச்சிமருந்து அடிப்பது, தோல் திட்டு உள்ளவர்களைத் தேடிப் போய் சிகிச்சை தருவது. 1992-ல் இந்தியாவில் 77,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்த நோய் 2023-ல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அதே 2023-ல் காலா அசாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கிய முதல் நாடு வங்கதேசம்.

நாயைக் கொன்றால் தீர்ந்துவிடுமா?

நிக்கோலின் கண்டுபிடிப்பை உலகம் எப்படிப் பயன்படுத்தியது என்பதில்தான் சிக்கல். நாய்தான் தேக்கி என்றால் நாயை ஒழித்துவிட்டால் போச்சு என்பது ரொம்ப சுலபமாகத் தோன்றும் முடிவு. பிரேசில் பல பத்து வருஷங்களாக அதைச் செய்தது. ரத்தப் பரிசோதனையில் தொற்று இருப்பதாக வந்த நாய்களைக் கொன்றார்கள். நோய் ஒழியவில்லை. புதுப்புது நகரங்களுக்கும் பரவியது.

ஏன்? பரிசோதனை எல்லா நாயையும் கண்டுபிடிக்காது. ரத்தம் எடுத்து, முடிவு வந்து, நாயைப் பிடிக்க வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அதற்குள் மணல் ஈ எத்தனையோ முறை கடித்திருக்கும். கொன்ற நாயின் இடத்துக்கு ஒரு குட்டி வரும். அந்த ஒட்டுண்ணியைச் சந்திக்காத புது உடம்பு. அதற்குச் சுலபமாகத் தொற்றும். வளர்த்த நாயைக் கொடுக்க மனசு வராமல் ஒளித்து வைப்பவர்களும் இருந்தார்கள்.

வேறு வழியும் இருக்கிறது. ஏரியை உடைக்க வேண்டாம், வாய்க்காலை மறிக்கலாம். பூச்சிமருந்து தோய்த்த கழுத்துப்பட்டை போட்டால் மணல் ஈ நாயைக் கடிப்பது குறையும். ஈரானில் சில கிராமங்களின் நாய்களுக்கு இந்தப் பட்டையைப் போட்டுப் பார்த்த ஆய்வு 2002-ல் வெளியானது. நாய்களுக்குத் தொற்று குறைந்ததோடு, அந்தக் கிராமக் குழந்தைகளுக்கும் குறைந்தது. பிரேசிலும் சமீப வருஷங்களில் இந்தப் பட்டைகளைக் கையில் எடுத்திருக்கிறது.

இந்தியாவுக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இங்கே காலா அசாருக்குத் தெருநாயைக் குற்றம் சொல்வது துனிஸ் பதிலைக் காப்பி அடிப்பது. நோய்த்தேக்கி யார் என்று அந்தந்த ஊரில் தேடித்தான் தெரிந்துகொள்ளணும். தப்பான தேக்கியைப் பிடித்தால் காசும் போகும், விலங்கும் போகும், நோய் அங்கேயே இருக்கும்.

கடைசி வருஷங்கள்

நோபல் வாங்கிய பிறகு பாரிஸின் காலேஜ் தெ ஃபிரான்ஸில் 1932-ல் பேராசிரியர் பதவி வந்தது. அங்கே போய் வகுப்பு எடுத்தாலும் துனிஸை விட்டுவிடவில்லை. தொற்றுநோய்கள் பிறக்கும், வாழும், சாகும் என்பதைப் பற்றி 1930-ல் ஒரு புத்தகம் எழுதினார். புது நோய்கள் வந்துகொண்டே இருக்கும், வந்த பிறகுதான் நமக்குத் தெரியும் என்ற கருத்து அவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. சின்ன வயது இலக்கிய ஆசையும் போகவில்லை, நாவல்களும் கதைகளும் எழுதினார். காது கேட்காத அவருக்குப் பேனா நல்ல துணை.

1936 பிப்ரவரி 28 அன்று துனிஸிலேயே இறந்தார். வயது 69. பிரான்ஸுக்குக் கொண்டுபோகவில்லை, 33 வருஷம் வேலை பார்த்த பாஸ்டியர் ஆய்வகத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அந்த ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. லீஷ்மேனியா பற்றிய ஆராய்ச்சியும் அங்கே நிற்கவில்லை. வருஷத்துக்கு 50,000 முதல் 90,000 பேர் வரை உலகில் இன்னமும் இந்த நோயின் உயிரைக் கொல்லும் வகைக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பெரும்பாலானவர்கள் மண் வீட்டில், மாட்டுத் தொழுவத்தின் பக்கத்தில், கொசுவலை இல்லாமல் தூங்குகிறவர்கள்.